பூங்கா தில்லியின் பொறுப்பில், கடல் 185 கி.மீ. தொலைவில்: கொல்கத்தா குழந்தைகளின் கோடை

கொல்கத்தா: ஹௌரா ரயில் நிலையத்தில் கோடை விடுமுறை நாளொன்றின் அதிகாலை. திகா செல்லும் தாம்ரலிப்தா எக்ஸ்பிரஸ் புறப்பட இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. நடைமேடையில் நிற்போரில் யார் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் என்பதைக் கண்டுகொள்ள அவர்களது மூட்டைகளே போதும். பிளாஸ்டிக் வாளி, மண் அள்ளும் சிறு கரண்டி, இன்னும் காற்றடைக்காத நீச்சல் வளையம், எவர்சில்வர் டப்பாவில் லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியும். மைதா மாவில் சுட்ட பூரியைத்தான் வங்காளிகள் லூச்சி என்கிறார்கள். அது இல்லாமல் இங்கே எந்தக் குடும்பமும் ரயிலேறுவதில்லை.

நாட்டின் பெரும் துறைமுகங்களில் ஒன்று இருந்தும் கடற்கரை இல்லாத நகரம் கொல்கத்தா. கப்பல்கள் ஹூக்ளி நதி வழியே உள்ளே வந்து போகின்றனவே தவிர, கடல் நகரைத் தொடுவதில்லை. சென்னையிலிருந்து மாற்றலாகி இங்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது முதலில் புரிவதில்லை. மாநகரப் பேருந்தில் ஏறி மெரீனாவில் இறங்கிப் பழகியவர்கள் அவர்கள். இங்கே அலையில் கால் நனைக்கக் கிட்டத்தட்ட 185 கிலோ மீட்டர் பயணம் செய்தாக வேண்டும்.

அவ்வளவு தூரம் செல்ல வசதியில்லாத குடும்பங்களுக்கு நகருக்குள் இருப்பவை மைதானமும் பூங்காக்களும்தான். அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், ஆண்டு முழுவதும் நாடாளுமன்ற வளாகத்தில் அலையும் செய்தியாளனுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாவது அட்டவணை, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நகராட்சி அமைப்புகளின் பொறுப்புகளில் சேர்க்கிறது. கொல்கத்தாவின் பெரிய திறந்தவெளிகளோ பெரும்பாலும் மத்திய அமைச்சகங்களிடம் உள்ளன. மைதானம் பாதுகாப்பு அமைச்சகத்துடையது. விக்டோரியா நினைவு மண்டபத் தோட்டம் கலாசார அமைச்சகத்துடையது. ஆற்றின் மறுகரையில் சிவ்பூரிலுள்ள தாவரவியல் பூங்கா சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆற்றங்கரை நிலத்தின் பெரும்பகுதி துறைமுகத்துக்குச் சொந்தம். அறிவியல் நகரத்தை நடத்துவது தேசிய அறிவியல் அருங்காட்சியகக் கவுன்சில். அதுவும் கலாசார அமைச்சகத்தின் அமைப்பே.

ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 62-ஆவது இனத்தைப் படித்தால் இது இன்னும் துலங்கும். தேசிய நூலகம், இந்திய அருங்காட்சியகம், இம்பீரியல் போர் அருங்காட்சியகம், விக்டோரியா நினைவு மண்டபம், இந்தியப் போர் நினைவகம் என ஐந்து நிறுவனங்களை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றில் மூன்று கொல்கத்தாவில் இருக்கின்றன. ஒரு நகரத்துச் சிறுவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள் என்பதை அரசமைப்புச் சட்டமே முடிவு செய்துவைத்த இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

முன்கூட்டியே வரும் விடுமுறை

கொல்கத்தாவாசிகளுக்கு வெளியே கிளம்பும் பருவம் உண்மையில் குளிர்காலம்தான். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் அலிப்பூர் உயிரியல் பூங்காவில் தலைகள் மட்டுமே தெரியும். ஆனால் பள்ளிகளின் நீண்ட விடுமுறை கோடையில் வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை. வெப்பமானியைப் பார்த்து வருகிறது.

2023 ஏப்ரலில் கடும் வெயில் காரணமாக மேற்கு வங்க அரசு ஒரு வாரம் பள்ளிகளை மூட உத்தரவிட்டது. 2024-இல், மே மாதம் தொடங்க வேண்டிய கோடை விடுமுறை ஏப்ரல் 22-ஆம் தேதியே தொடங்கியது. அதே மாதம் 30-ஆம் தேதி அலிப்பூர் வானிலை நிலையத்தில் 43 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2025-இலும் விடுமுறை ஏப்ரல் 30-ஆம் தேதிக்கு முன்னதாகக் கொண்டுவரப்பட்டது. பள்ளிக்குப் போக முடியாத வெயில் என்று அரசு சொல்லும் நாளில் பிள்ளைகளைப் பூங்காவுக்கு எப்படி அழைத்துச் செல்வது? காலை எட்டு மணிக்குள் போய்வர வேண்டும், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு புறப்பட வேண்டும். இடையிலுள்ள நேரத்துக்கு நிழல் வேண்டும். கோடையில் ஒரு பூங்காவின் தரத்தை ஊஞ்சல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதைவிட மரங்களையும் குடிநீர்க் குழாயையும் கழிப்பறையையும் கொண்டு அளப்பதே சரி. பெண்களைக் கேட்டால் கடைசியில் சொன்னதை முதலில் வைப்பார்கள்.

நிழல்தான் குறைந்துகொண்டு போகிறது. இந்திய வன நிலை அறிக்கை 2021-இல் கணக்கிடப்பட்ட ஏழு பெருநகரங்களில் கொல்கத்தாவின் வனப் பரப்பு 2011-இல் 2.52 சதுர கிலோ மீட்டராக இருந்தது, பத்தாண்டுகளில் 1.77 சதுர கிலோ மீட்டராகச் சுருங்கியிருந்தது. ஏறக்குறைய 30 சதவீத இழப்பு. அதே காலத்தில் சென்னையின் பரப்பு 18.02-இலிருந்து 22.70 சதுர கிலோ மீட்டராக உயர்ந்தது. தில்லியில் 194 சதுர கிலோ மீட்டருக்கு மேல் உண்டு. நகரங்களின் எல்லைகள் ஒரே அளவானவை அல்ல; வனத்துறையின் கணக்கில் காடு என்பது ஒரு ஹெக்டேருக்குக் குறையாத, பத்து சதவீதத்துக்கும் மேல் மரக்கவிகை உள்ள நிலம். சாலையோர மரங்கள் இதில் வாரா. அவற்றையும் 2020 மே 20-ஆம் தேதி வீசிய உம்பன் புயல் விட்டுவைக்கவில்லை. அன்று நகருக்குள் வேரோடு சாய்ந்தவை ஐயாயிரத்துக்கும் மேல்.

ராணுவத்தின் புல்வெளி

மைதானத்தின் வரலாறு போரில் தொடங்குகிறது. பிளாசிப் போருக்குப் பிறகு 1758-இல் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியினர், கோட்டைப் பீரங்கிகளின் குறி மறையாமலிருக்கச் சுற்றிலுமிருந்த காட்டையும் குடியிருப்பையும் அகற்றினர். எதிரியைச் சுடுவதற்காகத் திறந்துவைக்கப்பட்ட சுமார் 400 ஹெக்டேர் வெளியில் இன்று சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆட்டு மந்தைகள் மேய்கின்றன. மாலையில் மசாலாப் பொரி விற்பவர் தகரப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார். கடுகெண்ணெய் வாடை பத்தடி முன்னால் வருகிறது.

கோட்டை இன்றும் ராணுவத்தின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம். அண்மையில் அதற்கு விஜய் துர்க் என்று பெயர் மாற்றப்பட்டது. மைதானத்தில் நிரந்தரக் கட்டுமானத்துக்கு ராணுவம் இடம் தருவதில்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய புகழ்பெற்ற கால்பந்துக் கழகங்களின் இருப்பிடங்களை ஊரார் இன்னும் 'கூடாரம்' என்றே அழைப்பது இதனால்தான். ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் அரங்கமும் ராணுவத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலத்திலேயே நிற்கிறது.

இந்தக் கட்டுப்பாடு அவ்வப்போது உரசலாக வெடிக்கும். 1976 முதல் மைதானத்தில் நடந்துவந்த புத்தகக் கண்காட்சிக்கு 2007-இல் சுற்றுச்சூழல் காரணங்களுக்காகக் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அங்கு அனுமதி மறுத்தது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி மேயோ சாலை காந்தி சிலை அருகே திரிணமூல் காங்கிரஸ் அமைத்திருந்த போராட்ட மேடையை, அனுமதிக்கப்பட்ட நாள்கள் கடந்துவிட்டன என்று கூறி ராணுவத்தினர் பிரித்தெடுத்தனர். மம்தா பானர்ஜி நேரில் சென்று கண்டனம் தெரிவித்தார்.

குழந்தைகளின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ராணுவத்தின் பிடி இல்லாதிருந்தால் சௌரங்கி சாலைக்கு எதிரே இப்படியொரு வெட்டவெளி இன்றுவரை மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. இந்தியப் பெருநகரங்களில் மையப்பகுதி நிலத்துக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். அதே பிடியினால்தான் இங்கே ஊஞ்சலும் சறுக்குமரமும் இல்லை. கழிப்பறை தேடினால் நெடுந்தூரம் நடக்க வேண்டும். காப்பாற்றுவதும் கைவிடுவதும் ஒரே விதியாக இருக்கிறது.

மைதானத்தைக் கடந்து கிதர்பூர் செல்லும் டிராம், பிள்ளைகளுக்கு அந்நாளில் மலிவான உல்லாசப் பயணமாக இருந்தது. உம்பன் புயலுக்குப் பின் அந்தத் தடம் ஓடவில்லை. 1873-இல் தொடங்கிய டிராம் சேவையில் மைதானம்-எஸ்பிளனேட் பாரம்பரியத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடப்போவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. பிள்ளைகள் இப்போது கேட்பது மெட்ரோ ரயிலைத்தான். எஸ்பிளனேடுக்கும் ஹௌரா மைதானத்துக்கும் இடையே ஹூக்ளியின் அடியில் 2024 மார்ச்சிலிருந்து ரயில் ஓடுகிறது. ஆற்றுக்குக் கீழே 520 மீட்டர். 45 விநாடிகளில் முடிந்துவிடும். சன்னலுக்கு வெளியே மீன் தெரியும் என்று நம்பி ஏறும் சிறுவர்களுக்கு நீலநிற விளக்குகள் மட்டுமே தென்படும்.

அடிமரம் இல்லாத ஆலமரம்

கோடையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் சிவ்பூர் தாவரவியல் பூங்காவைச் சொல்லலாம். 1787-இல் ராபர்ட் கிட் என்ற ராணுவ அதிகாரி கம்பெனிக்காகத் தொடங்கிய தோட்டம். 1793-இல் இதன் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்க் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர். தரங்கம்பாடி டேனிஷ் குடியேற்றத்தோடு தொடர்புடைய கோனிக் என்ற தாவரவியல் அறிஞரின் நண்பர். 273 ஏக்கர் பரப்புள்ள இத்தோட்டத்துக்கு 2009-இல் ஆசாரிய ஜகதீச சந்திர போஸின் பெயர் சூட்டப்பட்டது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் இதை நிர்வகிக்கிறது.

குழந்தைகள் பார்க்க வருவது ஆலமரத்தை. வயது 250-க்கும் மேல் என்கிறார்கள். 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் காயம்பட்டு, பூஞ்சை பிடித்து அழுகிய அடிமரத்தை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதன் பின்னும் ஆயிரக்கணக்கான விழுதுகளின் மேல் மரம் நிற்கிறது. நிற்பது மட்டுமல்ல, நகர்ந்துகொண்டும் இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் 330 மீட்டர் நீளச் சாலை போட்டார்கள். மரம் அதையும் தாண்டிப் பரவிவிட்டது. உம்பன் புயலில் விழுதுகள் சில முறிந்தன. சென்னை அடையாறு பிரம்ம ஞான சபையின் ஆலமரமும் 1989 புயலில் அடிமரத்தை இழந்தபின் விழுதுகளால் வாழ்வதை நம் வாசகர்கள் அறிவார்கள். எது முதல் வேர், எது கடைசி விழுது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். நடுப்பகலில்கூட உள்ளே வெளிச்சம் பச்சையாக இருக்கிறது.

மாநில அரசின் கையிலிருக்கும் இடங்களும் உண்டு. 1876-இல் திறக்கப்பட்ட அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 2006 மார்ச்சில் இறந்த அத்வைதா என்ற ராட்சத ஆமை ராபர்ட் கிளைவிடம் இருந்தது என்பது நெடுநாள் வழக்கு. சுமார் 250 வயது எனக் கருதப்பட்டது. நியூ டவுனில் 2012 டிசம்பரில் திறக்கப்பட்ட 480 ஏக்கர் சுற்றுச்சூழல் பூங்கா பிள்ளைகளின் இன்றைய விருப்பம். ஆனால் அங்கே மரங்கள் இன்னும் இளையவை. வெயில் தரையிலிருந்தும் அடிக்கிறது.

தமிழர்களுக்கு நெருக்கமானது தெற்கே ரவீந்திர சரோவர். அருகிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரம் தலைமுறைகளாகத் தென்னிந்தியர் வாழும் பகுதி. வாழையிலையும் மல்லிகைச் சரமும் அங்கே கிடைக்கும். 1920-களில் வெட்டப்பட்ட இந்த ஏரியைச் சுற்றிக் காலை நடை போவோரில் தமிழ் பேசும் முதியவர்கள் கணிசமாக உண்டு. இங்கே கோடைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சித்திரை, வைகாசி மாலைகளில் வடமேற்கிலிருந்து திடீரென எழும் இடிப்புயலை வங்காளிகள் 'கால்பைசாகி' என்கிறார்கள். வெயிலைத் தணிப்பதால் அதை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். 2022 மே 21-ஆம் தேதி மாலை அப்படி வந்த புயலில், ஏரியில் துடுப்புப் படகுப் பயிற்சியில் இருந்த பள்ளி மாணவர் இருவர் மூழ்கி இறந்தனர். சுற்றுச்சூழல் காரணங்களுக்காக மோட்டார் படகுகள் அனுமதிக்கப்படாததால் மீட்புப் படகு உடன் செல்லவில்லை என்பது அப்போது பெரும் விவாதமானது. நின்றுபோன பயிற்சி, பாதுகாப்பு நெறிமுறைகள் வகுக்கப்பட்ட பிறகே மீண்டும் தொடங்கியது. ஏரியின் தூய்மையையும் குழந்தையின் உயிரையும் இரண்டு வெவ்வேறு கோப்புகளில் வைத்துப் பார்த்ததன் விளைவு என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

கடலுக்கு ஒரு ரயில்

மீண்டும் ஹௌரா ரயிலுக்கு வருவோம். ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் திகா. இந்த இடத்தைக் 'கிழக்கின் பிரைட்டன்' என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் தம் மனைவிக்கு எழுதியதாகச் சொல்லப்படுவது 1780 வாக்கில். சுதந்திரத்துக்குப் பிறகு முதல்வர் விதான் சந்திர ராய் காலத்தில் இது சுற்றுலாத்தலமாக வளர்க்கப்பட்டது. ரயில் வந்தது 2004-இல்தான். அதுவரை பேருந்தே கதி. ரயில்வேக்கெனத் தனி பட்ஜெட் இருந்த நாள்களில், வங்கத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு மக்களவையில் எழும் கூச்சலைச் செய்தியாளர் மாடத்திலிருந்து கேட்டதுண்டு. 2017-இல் அந்த வழக்கம் பொது பட்ஜெட்டோடு இணைந்து முடிந்தது. திகா ரயிலில் மடியில் குழந்தையோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கையில் அந்தக் கூச்சல் சற்று நியாயமாகவே படுகிறது.

ஒரே நாளில் போய்வர விரும்புவோர் காலை ரயிலில் போய் மாலை காண்டாரி எக்ஸ்பிரஸில் திரும்புவார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. கடற்கரைக்கு இதமான விடியலிலும் அந்தியிலும் குடும்பம் ரயிலில் இருக்கும்; உச்சி வெயிலில் மணலில் இருக்கும். அந்த நேரத்துக்கென்றே அமைந்ததுபோல் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, குளமும் படகும் கம்பிவடப் பயணமும் உள்ள அமராவதி பூங்கா. மற்றொன்று, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல்வாழ் உயிரினக் காட்சியகம். வெயிலுக்கு ஒதுங்கி வருவோரே அங்கு மிகுதி. ஆய்வகம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தைச் சேர்ந்தது. இங்கும் தில்லி வந்துவிடுகிறது.

கடல் சமதளமானது, நெடுந்தூரம் முழங்கால் அளவே இருக்கும். அதனால் வரும் துணிச்சல்தான் ஆபத்து. ஓதம் ஏறும்போது நீர் கரைச்சுவர் வரை வந்து மோதும். நுலியாக்கள் விசிலடித்துக் குளிப்பவர்களைக் கரைக்கு விரட்டுகிறார்கள். பூரி கடற்கரையில் தெலுங்கு பேசும் மீனவர்களுக்கு வழங்கும் பெயர் இது; இங்கும் உயிர்காப்பாளர்களை அப்படியே அழைக்கிறார்கள். 2021 மே 26-ஆம் தேதி யாஸ் புயலின்போது கடல் இச்சுவரைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி ஜகந்நாதர் கோயில் திறக்கப்பட்ட பிறகு கூட்டம் மேலும் பெருகியிருக்கிறது. கடலுக்கு வந்தவர்களோடு சாமி கும்பிட வந்தவர்களும் சேர்ந்து மாலை ரயிலில் இடம் தேடுகிறார்கள்.

கூட்டத்துக்கு அஞ்சுவோர் சற்றுக் கிழக்கே மந்தார்மணிக்குப் போகிறார்கள். அங்கே விடுதிகள் மணலிலேயே நிற்கின்றன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியவை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 மே மாதம் உத்தரவிட்டது. அதன்படி சுமார் 140 விடுதிகளை இடிக்க மாவட்ட நிர்வாகம் 2024 நவம்பரில் நோட்டீஸ் அனுப்பியது. முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி அதை எதிர்த்தார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. விடுதிகளில் வேலை செய்யும் உள்ளூர்க் குடும்பங்களின் பிழைப்பு ஒரு பக்கம். மறுபக்கம், ஓதம் ஏறும்போது குழந்தைகள் ஒதுங்கி நிற்கவேண்டிய மணலில் ஒரு விடுதியின் சுவர் நிற்கிறது. கடலோர விதிகளை வெளியிட்டது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். செயல்படுத்த வேண்டியது மாநிலம்.

ஐந்து மணிக்குமேல் திகாவில் காற்று மாறுகிறது. சவுக்கு மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்க, வாவல் மீன் பொரிக்கும் கடைகளில் அடுப்பு மூட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கடல் உண்மையில் தொடங்குவது இப்போதுதான். பெரியவர்களோ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஈர உடையை மாற்றி, வாளியிலுள்ள மணலைக் கொட்டச் சொல்லி, கொட்ட மறுக்கும் சிறுவனோடு சற்று வாதாடி, ரயில் நிலையம் நோக்கிக் குடும்பங்கள் நடக்கின்றன. ஹௌரா சேரும்போது இரவு பத்து மணியை நெருங்கியிருக்கும். வாளியில் மணல் அப்படியே இருக்கும்.